ஐம்பதில் ஓய்வு: எந்தக் கணக்கிலும் வராத பத்து ஆண்டுகள்

2020 ஜனவரி 31, வெள்ளிக்கிழமை மாலை. தொலைபேசி நிலையங்களில் ஒரே கூட்டம். மேசைமேல் சால்வைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தட்டில் கேசரியும் மிக்சரும். வழக்கமான பணி நிறைவு விழாவில் ஒருவர் மாலையோடு நிற்பார், ஐம்பது பேர் கை தட்டுவார்கள். அன்று நிலைமை தலைகீழ். போகிறவர்கள் கூட்டமாக நிற்க, இருக்கப்போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நாடு முழுவதும் 78,000-க்கும் மேற்பட்ட பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் அந்த ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். 50 வயது நிறைந்திருந்தால் போதும், விண்ணப்பிக்கலாம் என்பதே விதி. கேபிள் ஜாயின்ட் போட்டவர்கள், வாடிக்கையாளர் மையத்தில் பில் வாங்கியவர்கள், ஒரு காலத்தில் டிரங்க் கால் இணைத்த அம்மாக்கள் என்று எல்லாரும் அதில் இருந்தார்கள்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஊரடங்கு வந்தது. ஓய்வுக்குப் பிறகு செய்யலாம் என்று வைத்திருந்த காசி யாத்திரை, மகள் வீட்டுப் பயணம், பகுதி நேர வேலை எல்லாம் நின்றுபோயின. கையில் பணம், வீட்டில் நாள் முழுக்க இருப்பு, வெளியே போக வழியில்லை. முன்கூட்டியே ஓய்வு பெறுவதில் உள்ள அத்தனை சிக்கல்களையும் அந்தக் குடும்பங்கள் ஒரே வருடத்தில் பார்த்துவிட்டன.

இப்படி நடப்பது இது முதல் முறை அல்ல. 2000-01-ல் பொதுத்துறை வங்கிகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இப்படி வெளியேறினார்கள். 2022 ஜூலையில் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையிலிருந்து கடைசிக் கார் உருண்டு வெளியே போனபோது, நாற்பது வயதைக்கூட எட்டாத தொழிலாளர்கள் இழப்பீட்டுத் தொகையோடு வீடு திரும்பினார்கள். இப்போது பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. நிறுவனங்களில் 45 வயதைத் தாண்டிய மேலாளர்கள் அதே வாசலில் நிற்கிறார்கள். சிலர் விரும்பி வருகிறார்கள். பலர் விரும்பியதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

வேலையிலும் இல்லை, முதியோரிலும் இல்லை

அறுபதில் ஓய்வு பெறுபவருக்கு அரசும் வங்கியும் ஏதோ ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கின்றன. ஐம்பதில் வெளியே வருபவருக்கு அது இல்லை. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு, கடைசி வேலை நாளோடோ அந்த வருடத்தோடோ முடிந்துவிடும். மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டி 60-ல்தான். சம்பளச் சீட்டு இல்லாததால் கடன் கேட்டால் வங்கி யோசிக்கும். 50 முதல் 60 வரையான இந்தப் பத்து ஆண்டுகள் எந்தத் திட்டத்தின் கணக்கிலும் முழுதாக வருவதில்லை. அடுத்த முப்பது ஆண்டுகள் எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் இந்தப் பத்தில்தான் முடிவாகிறது. அதிலும் முதல் இரண்டு மூன்று வருடங்களில்.

■ எது, எந்த வயதில்?

இ.பி.எஸ். (ஊழியர் ஓய்வூதியத் திட்டம்) ஓய்வூதியம்: 58 வயதில். குறைந்தது 10 ஆண்டு பங்களிப்பு வேண்டும். 50 வயதிலிருந்தே வாங்கலாம். ஆனால் 58-க்கு முந்தைய ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும்.

பி.எஃப். தொகை: 50-ல் வேலையை விட்டாலும், எடுக்காமல் வைத்தால் 58 வரை வட்டி சேரும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் (அஞ்சலகம், வங்கி): பொதுவாக 60. விருப்ப ஓய்வு பெற்றவர்கள் 55-லேயே சேரலாம். ஓய்வுப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் போட வேண்டும். உச்சவரம்பு 30 லட்சம், வட்டி 8.2 சதவீதம். 30 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும்.

அஞ்சலக மாத வருமானத் திட்டம்: வயது வரம்பு தடையில்லை. தனிப்பெயரில் 9 லட்சம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை. வட்டி 7.4 சதவீதம்.

வங்கி வட்டிக்கு டி.டி.எஸ். பிடிக்காத வரம்பு: 2025 ஏப்ரல் முதல் 60 வயதுக்கு மேல் ஆண்டுக்கு 1 லட்சம். 60-க்குக் கீழ் 50,000 மட்டுமே.

விருப்ப ஓய்வு இழப்பீட்டில் வரி விலக்கு: 5 லட்சம் வரை.

ஆயுஷ்மான் திட்டத்தில் வருமான வரம்பு இல்லாத 5 லட்சம் காப்பீடு: 70 வயதில்.

பணம் வந்த மறுநாள்

பணம் கணக்கில் ஏறிய செய்தி வீட்டைத் தாண்ட ஒரு வாரம் ஆகாது. "மாமா, பேங்க்ல சும்மாதானே கிடக்கு, ஒரு பத்து லட்சம் கொடுங்க, ஆறு மாசத்துல திருப்பிடறேன்" என்று மச்சான் மகன் வந்து நிற்பான். வங்கி மேலாளர் தேடி வந்து உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பார். பேச்சு முடியும்போது ஒரு இன்ஷூரன்ஸ் விண்ணப்பம் மேசையில் இருக்கும். ஊரிலிருந்து ஒருவர் பைபாஸ் பக்கம் மனை இருப்பதாகப் போன் செய்வார். யாரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. முப்பது வருடம் மாதச் சம்பளம் மட்டுமே பார்த்தவருக்கு மொத்தமாக ஒரு தொகையை ஆண்ட பழக்கம் இல்லை என்பதுதான் இங்கே ஆபத்து.

நம் ஊரில் இந்தப் பணம் போகும் முதல் வழி, மாடி கட்டுவது. "வாடகை வரும், கையை நீட்ட வேண்டாம்" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். 25 லட்சம் செலவழித்து ஒரு தளம் எழுப்பினால், பல ஊர்களில் 10,000 ரூபாய் வாடகை கிடைப்பதே பெரிது. வருடத்துக்கு 1.2 லட்சம், அதாவது 4.8 சதவீதம். வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், ஆள் இல்லாத மாதங்கள், சொத்துவரி எல்லாம் போக இன்னும் குறையும். சாதாரண வைப்பு நிதியே இதைவிட அதிகம் தரும். அவசரத்துக்கு எடுக்கவும் முடியும். மகன் குடும்பம் வந்து தங்க இடம் வேண்டும் என்று கட்டினால் அது வேறு. வருமானத்துக்காகக் கட்டுவது பெரும்பாலும் தப்புக் கணக்கு.

இரண்டாவது வழி இன்னும் கொடியது: அதிக லாபம் காட்டி இழுக்கும் மோசடித் திட்டங்கள். 2012-ல் பெருந்துறை ஈமு கோழிப் பண்ணைகள் மூடியபோது வாசலில் நின்று அழுதவர்களில் ஓய்வுப் பணத்தைக் கொட்டியவர்களும் இருந்தார்கள். பத்தே வருடத்தில் ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீது வழக்கு: ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு குற்றம்சாட்டியது. கோழி போய்த் தங்கம் வந்தது, வலை ஒன்றுதான். மாதம் 2 சதவீதத்துக்கு மேல் உறுதியாகத் தருகிறேன் என்று யார் சொன்னாலும், அவர் சொந்தத் தம்பியாக இருந்தாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வங்கி வைப்புக்குக்கூட ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. பெரிய தொகையை ஒரே கூட்டுறவு வங்கியில் குவிக்காதீர்கள். போலீஸ் சீருடையில் வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டினால் துண்டித்துவிட்டு 1930-க்கு அழையுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை.

முதல் ஆறு மாதத்துக்குத் திருப்ப முடியாத எந்த முடிவும் வேண்டாம். பணம் குறுகிய கால வைப்பில் கிடக்கட்டும். இழக்கப்போகும் வட்டி கொஞ்சம். தப்பிக்கப்போகும் தவறு பெரிது. அதற்குள் 55 வயது நிறைந்தவர்கள் மட்டும் மூத்த குடிமக்கள் திட்டத்தின் 3 மாதக் கெடுவைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

நாற்பதாயிரம் ரூபாய் வீடு

பென்ஷன் உள்ளவரும் இல்லாதவரும் இரண்டு வேறு உலகத்தில் வாழ்கிறார்கள். பி.எஸ்.என்.எல். போன்ற இடங்களிலிருந்து வந்தவர்களுக்கு பணிக்கொடையும் கம்யூட்டேஷனும் (பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக முன்கூட்டியே பெறுவது) தாமதமானாலும், மாதாமாதம் பஞ்சப்படியோடு பென்ஷன் உண்டு. விலைவாசி ஏறினால் அதுவும் ஏறும். தனியார் ஊழியரின் நிலை அப்படியல்ல. 15,000 ரூபாய் உச்சவரம்புச் சம்பளத்தில் 25 ஆண்டு பங்களித்தவருக்கு இ.பி.எஸ். சூத்திரப்படி மாதம் ஐயாயிரத்துச் சொச்சம்தான் வரும். அதையும் 50 வயதிலேயே கேட்டால் கால் பங்குக்கு மேல் வெட்டு விழும். விலைவாசி ஏறினாலும் அது ஏறாது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 52 வயது, சொந்த வீடு, கடன் இல்லை, பென்ஷன் இல்லை, கையில் 50 லட்சம். மாதச் செலவு 40,000. வைப்பு நிதியில் 7 சதவீதம் என்றால் மாதம் 29,000 சொச்சம் வட்டி. "பதினோராயிரம்தானே துண்டு விழுகிறது, சமாளிக்கலாம்" என்று தோன்றும். விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால், இன்றைய 40,000 ரூபாய்ச் செலவு 64 வயதில் 80,000 ஆகிறது, 76-ல் 1,60,000. வட்டி அங்கேயே நிற்க, அசலைத் தின்னும் வேகம் ஆண்டுக்காண்டு கூடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த 50 லட்சம் சுமார் 11 ஆண்டுகளில் காலி. அவருக்கு அப்போது வயது 63.

அதே மனிதர் 60 வயதுவரை வீட்டுச் செலவில் பாதியை மட்டும் சம்பாதித்தால் பணம் 67 வரை வருகிறது. அதுவும் போதாது. அதனால்தான் இந்தத் தொகையை ஓய்வுப் பணம் என்று நினைப்பதே தவறு என்கிறேன். 52 வயதில் பென்ஷன் இல்லாமல் கிடைக்கும் 50 லட்சம், வேலையை மாற்றிக்கொள்ள அவகாசம் தரும் பணம். அந்த அவகாசத்தில் இதயத்துக்கும் முதுகுக்கும் ஏற்ற வேறொரு வேலையைத் தேடிக்கொள்ளலாம்: கணக்கு எழுதுவது, பள்ளி அலுவலகம், டியூஷன், அடுக்குமாடிச் சங்க மேலாளர், பழைய துறையிலேயே ஒப்பந்த ஆலோசனை. பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே குடும்பத்தின் தலையெழுத்து மாறும். பழைய பதவியை நினைத்து "நானா போய் அங்கே உட்காருவேன்?" என்ற தயக்கத்தில் வீணாகும் வருடங்கள்தான் மிக விலை உயர்ந்தவை.

அடுத்த ஐந்து வருடச் செலவைப் பாதுகாப்பான வைப்புகளில் வைத்து, பத்து வருடம் தொடத் தேவையில்லாத ஒரு பகுதியைப் பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் வைப்பதைப் பற்றியும் யோசிக்கத்தான் வேண்டும். பயமாக இருக்கும், ஏற்ற இறக்கம் உண்மையிலேயே உண்டு. ஆனால் முப்பது வருடத்துக்கு வைப்பு நிதி மட்டும் என்பது, மெதுவாக நடக்கும் நஷ்டம்.

மூன்று மணித் தூக்கம்

வேலை நாளில் உடம்புக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. பஸ்ஸுக்கு நடை, மாடிப்படி, ஒரு மணிக்கு டிபன் பாக்ஸ், நாலு மணிக்கு டீ. அது நின்றதும் பத்து மணிக்கு ஒரு காபி, பதினொன்றரைக்கு ஒரு முறுக்கு, இரண்டு மணிக்குச் சோறு, அப்படியே மூன்று மணிக்குத் தூக்கம், இரவு பன்னிரண்டு வரை டி.வி. ஆறு மாதத்தில் இடுப்புச் சுற்றளவு கூடும். அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எட்டிப் பார்க்கும்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய், 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் விளிம்பில் என்று 2023-ல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. சென்னையின் டாக்டர் வி.மோகன் குழுவினர் முன்னின்று நடத்திய ஆய்வு அது. விளிம்பில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. அலுவலகத்தில் வருடாவருடம் கட்டாயப் பரிசோதனை இருந்தவரை அந்த எண் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஓய்வுக்குப் பின் யாரும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வதில்லை. அதனால் பிறந்தநாள் வாரத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, கிரியேட்டினின், கண் பரிசோதனை ஆகியவற்றைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். மாத்திரைச் செலவு சுமையாக இருந்தால் கூச்சப்பட வேண்டாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் பூங்காக்களில் நடைக்குக் குறைவில்லை. தசைப் பயிற்சியைத்தான் யாரும் செய்வதில்லை. நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்து பாருங்கள். ஏழாவதிலேயே தொடை தளர்ந்தால், அங்கே தசை குறைந்திருக்கலாம். எழுபதில் குளியலறையில் வழுக்கும்போது பிடித்து நிறுத்தப்போவது அந்தத் தசைதான்.

மூளைக்கும் இதே கதை. பிரிட்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வில், ஓய்வுக்குப் பிறகு சொற்களை நினைவில் வைக்கும் திறன் 38 சதவீதம் வேகமாகச் சரிவதாக 2018-ல் கண்டார்கள். பெயர்களும் எண்களும் மனிதர்களும் தினமும் மோதிக்கொண்டிருந்த தலைக்கு, திடீரென ஒரு வேலையும் இல்லாமல் போவது நல்லதல்ல. அந்த வெறுமையில் சாயங்காலம் தனியாகக் குடிக்கத் தொடங்குபவர்களைப் பற்றிக் குடும்பங்கள் வெளியே பேசுவதில்லை. பேச வேண்டும். தூக்கம் கெடுவதும், எரிச்சலும், ஆட்களைத் தவிர்ப்பதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தமிழக அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

■ காப்பீடு: ராஜினாமாவுக்கு முன்பே

சொந்த மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. 50-ல் எடுத்தால் 53-ல் அந்தக் காத்திருப்பு முடிந்துவிடும். குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழியும் உண்டு. கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதற்கு முன் 18 சதவீதம் இருந்தது.

சமையலறையில் இன்னொரு ஆள்

இருபத்தைந்து வருடம் காலை எட்டரைக்குப் போய் ஏழு மணிக்கு வந்தவர், இப்போது பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார். மின்விசிறி ஏன் ஓடுகிறது, பருப்பு ஏன் இவ்வளவு, வேலைக்காரம்மா ஏன் தாமதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குகிறார். அலுவலகத்தில் கேட்ட கேள்விகள்தான். இப்போது பதில் சொல்ல மனைவி மட்டுமே இருக்கிறார். அவருக்கென்று பகலில் இருந்த நேரம், தோழியோடு போன் பேச்சு, கோயில், ஒரு மணி நேர சீரியல் எல்லாம் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டியதாகிவிடுகிறது. மனைவியின் பகல் அவருடையது என்று ஒப்புக்கொள்வதுதான் ஓய்வு பெற்ற கணவர் செய்ய வேண்டிய முதல் காரியம். அடுத்தது வேலையில் பங்கு. "உதவி" என்ற பெயரில் வெங்காயம் நறுக்குவதைச் சொல்லவில்லை. காலை டிபன் முழுப் பொறுப்பு, அல்லது மார்க்கெட்டும் பில்களும் முழுப் பொறுப்பு என்று ஒன்றை மொத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெண் ஊழியர்களின் ஓய்வை யாரும் பேசுவதில்லை. மாமியாரின் படுக்கை, பேரக்குழந்தையின் பள்ளி, கணவரின் இரண்டாவது பைபாஸ் என்று பெண்கள் விருப்ப ஓய்வு எடுக்கும் காரணங்கள் பெரும்பாலும் அடுத்தவருடையவை. அவர்களுக்கு ஓய்வு என்பது முழுநேரச் சமையலறை. 2024 மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 88 நிமிடம். அந்த அம்மாவின் ஓய்வுப் பணம் அவர் பெயரிலேயே வைப்பில் இருக்க வேண்டும் என்று குடும்பமே சொல்ல வேண்டும். பேரனைப் பார்த்துக்கொள்வதற்கும் வாரத்தில் விடுமுறை வேண்டும் என்று கேட்பது சுயநலம் அல்ல.

பிள்ளைகளுக்கு எவ்வளவு?

ஐம்பதில் ஓய்வு பெறுபவரின் வீட்டில் இரண்டு தலைமுறைச் செலவு காத்திருக்கிறது: மகளின் கல்யாணமோ மகனின் மேற்படிப்போ ஒருபுறம், எண்பதைத் தொட்ட பெற்றோரின் மருத்துவம் மறுபுறம். பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்புக்குக் கல்விக்கடன் உண்டு. முதுமைக்கு அப்படி ஒரு கடன் எந்த வங்கியிலும் இல்லை. அதனால் படிப்புக்கு ஓய்வுப் பணத்தை முழுதாக உடைப்பதை நான் ஏற்க மாட்டேன். கல்யாணத்துக்கு ஒரு தொகையை ஒதுக்கி, அந்தத் தொகையை மணமகன் வீட்டுப் பேச்சுக்கு முன்பே மகளிடமும் மகனிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மொத்தத் தொகை எவ்வளவு, மாதம் எவ்வளவு எடுக்கிறோம், எந்த வயதுவரை வரும் என்ற காகிதத்தைப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்துவிட்டால், கேட்கும் தொகை தானாகக் குறைகிறது.

வீட்டை உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்கும் அவசரமும் இந்த வயதில்தான் வருகிறது. "எப்படியும் அவனுக்குத்தானே" என்று தான செட்டில்மென்ட் பத்திரம் பதிவாகிவிடும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் 23-வது பிரிவு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது ரத்து செய்ய வழி தருகிறது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை முதியோருக்குச் சாதகமாக விரிவாகவே பொருள் கொண்டது. ஆனால் இந்தச் சட்டத்தில் மூத்த குடிமகன் என்றால் 60 வயது. ஐம்பத்தைந்தில் சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னால் வழக்கு நடத்துவதைவிட, உயில் எழுதுவது எளிது. வெள்ளைத் தாளில் எழுதலாம், இரண்டு சாட்சிகள் வேண்டும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு கட்டாயம் இல்லை. பதிந்தால் பின்னால் தகராறு குறையும். வங்கிக் கணக்குகளைக் கணவன் மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும்படி மாற்றி, பி.எஃப்., பாலிசி, மியூச்சுவல் ஃபண்ட், டீமேட் எல்லாவற்றிலும் நாமினி பெயரைச் சரிபார்க்க வேண்டும். பலருடைய பி.எஃப். கணக்கில் திருமணத்துக்கு முன் எழுதிய அப்பாவின் பெயரே இன்னும் இருக்கிறது.